ஆசிரியரும் அவரே, மாணவரும் அவரே!



உங்களில் பலருக்குக் கிட்டார் வாசிக்க ஆசை இருக்கும். பள்ளி ஆண்டு விழாவில் யாராவது ஓர் அண்ணன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினால், நாமும் இதுபோல் வாசிக்க மாட்டோமா என்று மனசு துடிக்கும். இன்று கற்றுக்கொள்ள வழிகள் நிறைய உண்டு. மாலை வகுப்புகள் இருக்கின்றன, புத்தகங்கள் இருக்கின்றன, கணினியிலும் கைபேசியிலும் பாடங்கள் கிடைக்கின்றன.

சொல்லித்தர ஆளில்லை, புத்தகம் கிடைப்பது அரிது, வீட்டிலும் சம்மதம் இல்லை. இப்படி ஒரு நிலையில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கிட்டாரைக் கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் உலகமே அவனைத் தலைவணங்கி வரவேற்றது. அவன் பெயர் ஆண்ட்ரெஸ் செகோவியா.

பாட்டில் தொடங்கிய பாடம்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் லினாரெஸ் என்ற ஊர் இருக்கிறது. ஈயச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே 1893ஆம் ஆண்டு ஆண்ட்ரெஸ் பிறந்தான். சின்னஞ்சிறு வயதிலேயே பெற்றோர் அவனை வில்லாகரில்லோ என்ற சிற்றூரில் இருந்த மாமா, மாமியிடம் வளர விட்டார்கள். அம்மாவைப் பிரிந்த குழந்தை அழுது தீர்த்தது.

அழுகையை நிறுத்த மாமா ஒரு வேடிக்கை செய்தார். கையில் கிட்டார் இருப்பது போல் பாவனை காட்டி, வெறுங்கையால் மீட்டியபடியே ஒரு பாட்டுப் பாடினார். குழந்தை அழுகையை மறந்து சிரித்தது. பிறகு குழந்தையின் கையைப் பிடித்து, தாளத்துக்கு ஏற்ப அசைத்தும் காட்டினார். கிட்டாரே இல்லாமல் நடந்த இந்த விளையாட்டுதான் தன் முதல் இசைப் பாடம் என்று செகோவியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பையன் கொஞ்சம் வளர்ந்ததும் மாமா அவனை ஒரு வயலின் ஆசிரியரிடம் சேர்த்தார். அந்த ஆசிரியர் பொல்லாத கோபக்காரர். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு கிள்ளு கிடைக்கும்! வயலினைக் கண்டாலே பையன் நடுங்கினான். மாமா உடனே அந்த வகுப்பை நிறுத்திவிட்டார். பயத்தால் இசை வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றரை மாத குரு

ஊர் ஊராகச் சுற்றிக் கிட்டார் வாசிக்கும் ஒருவர் ஒரு நாள் அந்த ஊருக்கு வந்தார். அவர் வாசித்தது தென் ஸ்பெயின் மக்களின் பிளமெங்கோ இசை. அவர் கிட்டார் தந்திகளை ஓங்கி மீட்டியதும், அந்தப் பெருஞ்சத்தத்தில் பையன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். ஆனால், அதே நொடியில் அந்த வாத்தியம் அவன் மனத்தைக் கொள்ளை கொண்டது.

அவரிடம் பாடம் கேட்க ஏற்பாடாயிற்று. ஒன்றரை மாதம் ஆனதும் பாடம் முடிந்துவிட்டது. ஏன் தெரியுமா? அவருக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்!

ஆண்ட்ரெஸுக்குச் சுமார் பத்து வயதானபோது, நல்ல படிப்பு கிடைக்க வேண்டும் என்று மாமா குடும்பம் அவனை அழைத்துக்கொண்டு கிரனடா நகருக்குக் குடிபெயர்ந்தது. அல்ஹம்ப்ரா என்ற புகழ்பெற்ற அரண்மனை இருக்கும் நகரம் அது. பகலில் பள்ளிக்கூடம். மனத்திலோ எப்போதும் கிட்டார்.

வீட்டில் ஏன் எதிர்ப்பு?

இசை கற்பதை வீட்டில் யாரும் வெறுக்கவில்லை. பியானோவோ செல்லோவோ கற்றால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கிட்டார் வேண்டாம் என்றார்கள்.

காரணம் இருந்தது. அந்தக் காலத்து ஸ்பெயினில் கிட்டார் என்றால் மதுக்கடையும் தெருக்கூத்தும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பெரிய இசை அரங்குகளில் பியானோவுக்கும் வயலினுக்கும் கிடைத்த மரியாதை கிட்டாருக்குக் கிடைக்கவில்லை. அதை வாசித்துப் பிழைக்க முடியுமா? படிக்கிற பையன் கெட்டுப்போய்விடுவானோ? இப்படிப் பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். பையன் மீது இருந்த அக்கறையால் வந்த கவலை அது.

ஆண்ட்ரெஸ் கிரனடாவில் இருந்த நண்பர்கள் மூலம் நல்ல கிட்டார் இசையைக் கேட்டான். பிரான்சிஸ்கோ டாரெகா என்ற பெரிய கிட்டார் மேதை இயற்றிய இசையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது, இந்த வாத்தியத்தில் இவ்வளவு மென்மையும் இருக்கிறதா என்று வியந்தான். டாரெகா வேறு யாருமில்லை. ஒரு காலத்தில் உலகெங்கும் ஒலித்த நோக்கியா கைபேசியின் அழைப்பு மணி இருக்கிறதே, அந்த இசைத்துணுக்கு அவர் இயற்றிய ஒரு வால்ட்ஸ் இசையிலிருந்து எடுக்கப்பட்டதுதான்!

அதே நகரில் பெனிட்டோ ஃபெர்ரர் என்பவர் கிட்டார் செய்து விற்று வந்தார். அவர் செய்த கிட்டார் ஒன்று ஆண்ட்ரெஸின் கைக்கு வந்தது. இனி வாசிக்க வேண்டியதுதான். ஆனால் சொல்லித்தருவது யார்?

ஒரே ஒரு மாணவன் உள்ள பள்ளிக்கூடம்

ஆண்ட்ரெஸ் ஒரு முடிவுக்கு வந்தான். ஆசிரியர் கிடைக்காவிட்டால் என்ன, நானே எனக்கு ஆசிரியர்!

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கிட்டாரில் ஆறு தந்திகள். கழுத்துப் பலகையில் வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள். இடக்கை விரலால் ஒரு மெட்டின் அருகே தந்தியை அழுத்தினால், அதிரும் பகுதியின் நீளம் குறைந்து சுரம் உயரும். சரியாகப் பாதி நீளத்தில், அதாவது 12ஆம் மெட்டில் அழுத்தினால், அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். ஒரே சுரத்தைப் பல இடங்களில் வாசிக்கவும் முடியும். எந்த இடத்தில், எந்த விரலால் வாசித்தால் அடுத்த சுரத்துக்கு எளிதாகப் போகலாம்? இதை ஒவ்வொரு வரிக்கும் யோசிக்க வேண்டும்.

ஆண்ட்ரெஸ் இசைக்குறியீடுகளைப் படிக்கத் தானாகவே பழகினான். சோர், டாரெகா போன்றவர்களின் இசைத்தாள்களைத் தேடிப் பிடித்தான். பியானோ கற்பவர்கள் விரல்களுக்கு என்னென்ன பயிற்சி செய்கிறார்கள் என்று கவனித்தான். அதேபோலக் கிட்டாருக்கு ஏற்ற பயிற்சிகளைத் தானே உருவாக்கிக்கொண்டான்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? பாடத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. நேர அட்டவணை உண்டு. தவறு செய்தால் திரும்ப எழுத வேண்டும். இவை எல்லாவற்றையும் அவன் கிட்டாருக்கும் கொண்டுவந்தான். அவனுக்குள் இருந்த ஆசிரியர் பாடம் வைத்தார்; அவனுக்குள் இருந்த மாணவன் அதைச் செய்து காட்டினான். சரியில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து! அந்த ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையே கடைசிவரை சண்டை வந்ததில்லை என்று செகோவியா முதுமையில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மாமா காலமான பிறகு அவன் கோர்டோபா நகரில் தாயாருடன் வசித்தான். அங்கும் பயிற்சியை விடவில்லை. 1909ஆம் ஆண்டு, 16 வயதில், கிரனடாவில் முதன்முதலாகப் பொதுமேடையில் வாசித்தான். அதே ஆண்டு டிசம்பரில் பார்சிலோனாவில் டாரெகா காலமானார். இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

வாடகைக்கு ஒரு கிட்டார்

சில ஆண்டுகளுக்குப் பிறகு இளைஞர் செகோவியா தலைநகர் மாட்ரிட்டுக்கு வந்தார். அங்கே கச்சேரி செய்ய வேண்டும். ஆனால் பெரிய அரங்கத்துக்கு ஏற்ற கிட்டார் அவரிடம் இல்லை. வாங்கப் பணமும் இல்லை.

மனுவேல் ராமிரெஸ் என்ற புகழ்பெற்ற கிட்டார் தயாரிப்பாளரின் கடைக்குள் துணிந்து நுழைந்தார். உள்ளதிலேயே சிறந்த கிட்டார் ஒன்று வாடகைக்கு வேண்டும் என்று கேட்டார். பியானோவை வாடகைக்கு எடுப்பது வழக்கம்தான். கிட்டாரை வாடகைக்குக் கேட்டு யாரும் வந்ததில்லை! ராமிரெஸுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் ஒரு கிட்டாரை எடுத்துக் கொடுத்தார்.

செகோவியா வாசிக்கத் தொடங்கினார். கடையில் வேலைகள் நின்றன. எல்லாரும் சுற்றிவந்து நின்று கேட்டார்கள். வாசித்து முடித்ததும் ராமிரெஸ் அந்தக் கிட்டாரை அவருக்கே கொடுத்துவிட்டார். பணம் வேண்டாம், இதை நல்ல முறையில் வாசித்து உலகுக்குக் காட்டினால் போதும் என்பது அவர் எண்ணம். 1912ஆம் ஆண்டு செய்யப்பட்ட அந்தக் கிட்டாரைச் செகோவியா 1937 வரை பல நாடுகளின் மேடைகளில் வாசித்தார். இன்று அது நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உலக மேடையில்

1924இல் பாரிஸ், 1928இல் நியூயார்க் என்று அவர் புகழ் பரவியது. பெரிய அரங்குகளிலும் அவர் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ள மாட்டார். ஆயிரக்கணக்கானோர் மூச்சுவிடாமல் அமைதியாக இருந்து கேட்பார்கள்.

ஜெர்மானிய இசை மேதை பாக் வயலினுக்காக எழுதிய கடினமான இசை ஒன்றை 1935இல் பாரிஸில் கிட்டாரில் வாசித்துக் காட்டினார். கிட்டாருக்கு ஏற்ற புதிய இசை போதாது என்பதால், தன் காலத்து இசையமைப்பாளர்களிடம் கேட்டுக் கேட்டு எழுத வைத்தார். மெக்சிகோ, பிரேசில், இத்தாலி, ஸ்பெயின் என்று பல நாட்டவரும் அவருக்காக எழுதினார்கள்.

இன்னொரு செய்தி. அந்த நாளில் கிட்டாரின் மெல்லிய தந்திகள் விலங்குகளின் குடலிலிருந்து செய்யப்பட்டன. அவை அடிக்கடி அறுந்துபோகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவை கிடைப்பதே அரிதாயிற்று. ஏனென்றால், அறுவைச் சிகிச்சையில் தையல் போடுவதற்கும் அதே பொருள் தேவைப்பட்டது. அப்போது நியூயார்க்கில் இருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் தயாரிப்பாளர் செகோவியாவின் ஊக்கத்தோடு நைலான் தந்திகளை உருவாக்கினார். இன்று கிட்டார் வகுப்பில் நீங்கள் தொட்டுப் பார்க்கும் நைலான் தந்தி அப்படி வந்ததுதான்.

ஆசிரியர் இல்லாமல் கற்ற அவர், மற்றவர்களுக்கு நல்ல ஆசிரியராகவும் இருந்தார். ஜான் வில்லியம்ஸ் போன்ற பெரிய கலைஞர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். 1981இல் ஸ்பெயின் அரசர் அவருக்கு உயர்ந்த பிரபுப் பட்டம் அளித்துக் கௌரவித்தார். எந்த வாத்தியத்தை வாசித்தால் பையன் கெட்டுப்போவான் என்று வீட்டில் பயந்தார்களோ, அதே வாத்தியம்தான் அவரை அரசரின் கௌரவம் வரை கொண்டுசென்றது.

94 வயதில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புகூட அவர் மேடையேறி வாசித்தார். 1987ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி மாட்ரிட் நகரில் காலமானார். பிறந்த ஊரான லினாரெஸில் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நீங்களும் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம்! செகோவியாவுக்குக் கிடைக்காத ஆசிரியர் உங்களுக்குக் கிடைத்தால், விட்டுவிடாதீர்கள். கை வைக்கும் முறையை முதலிலேயே சரியாகக் கற்பது நல்லது. தவறாகப் பழகிவிட்டால், பிறகு மாற்றுவது கடினம்.

சிறுவர்களுக்கென்றே அரை அளவு, முக்கால் அளவுக் கிட்டார்கள் கடைகளில் உண்டு. கைக்கு அடங்காத பெரிய கிட்டார் வேண்டாம். நைலான் தந்தி விரலுக்கு இதமானது. இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களுக்கு விரல் நுனி வலிக்கும். பயப்பட வேண்டாம், தோல் கொஞ்சம் தடித்ததும் வலி மறைந்துவிடும். அதிகம் வலித்தால், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பாட்டு இசையில் சரளி வரிசை இருப்பது போல, கிட்டாரிலும் சுர வரிசைகள் உண்டு. புகழின் உச்சியில் இருந்தபோதும் செகோவியா அவற்றை விட்டதில்லை. தினமும் இரண்டு மணி நேரம் அவற்றுக்கு ஒதுக்கச் சொல்லி ஒரு பயிற்சி நூலே வெளியிட்டார். பள்ளிக்குப் போகும் உங்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். வீட்டுப்பாடம் முடித்த பிறகு இருபது நிமிடம் போதும். ஆனால் தினமும் இருபது நிமிடம்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட அது பயன் தரும். வேகத்துக்கு ஆசைப்படாமல் மெதுவாக, தெளிவாக வாசியுங்கள். தவறிய இடத்தை மட்டும் தனியாக எடுத்து, நாலைந்து முறை வாசித்துப் பாருங்கள். தேர்வு நேரத்தில் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

அம்மா அப்பா தயங்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். படிப்பும் குறையவில்லை, பயிற்சியும் நிற்கவில்லை என்பதைச் சில மாதங்கள் செய்து காட்டுங்கள். உங்களுக்குள்ளும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர் வைக்கும் பாடத்தை ஏமாற்றாமல் செய்து முடித்தால், கிட்டார் மட்டுமல்ல, கணக்கும் கையெழுத்தும்கூட உங்கள் வசமாகிவிடும்!