பைத்தியத்துக்கான வேரை உலகறியச் செய்த பம்பாய் டாக்டர்

பெயர் வக்கீல். தொழில் வைத்தியம். பார்சிகளில் முன்னோர் பார்த்த தொழிலே குடும்பப் பெயராக நிலைத்துவிடுவது உண்டு. டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அப்படி ஒரு குடும்பத்தில் 1911-ம் ஆண்டு பிறந்தார்.

லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாவது உலகப்போர் மூளுவதற்கு முன்பே பம்பாய் திரும்பிவிட்டார். பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். அவர் இருதய நிபுணர். மனநோய்க்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் மூளையில் வேலை செய்யும் மருந்துகளின் வரலாற்றில் அவர் பெயர் தவறாமல் வருகிறது.

பரேலில் ரயில் ஏறினால் வந்து சேரும் தாணேயில் 1901-ம் ஆண்டிலேயே மனநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டுவிட்டது. சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய கீழ்ப்பாக்கம் என்பார்கள். பம்பாயில் தாணே என்பார்கள். கேலி செய்வது சுலபம். உள்ளே போனவர்களின் கதி என்ன? தாணே ஆனாலும் லண்டன் ஆனாலும் அந்தக் காலத்தில் நோயைத் தணிக்கும் மருந்து இல்லை. பூட்டி வைப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள். பின்னாளில் மின்சார அதிர்ச்சி வந்தது. அவ்வளவுதான்.

பீகார் கிராமத்து வேர்

ஆனால் நம் நாட்டுக் கிராமங்களில் ஒரு வேர் இருந்தது. அதன் பெயர் சர்ப்பகந்தா. பாம்புக் கடிக்கும் தூக்கமின்மைக்கும் அதைக் கொடுத்தார்கள். பீகாரில் பாமர மக்கள் அதைப் பைத்தியத்துக்கான மருந்து என்றே அழைத்தார்கள்.

1931-ம் ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு டாக்டர்கள், இந்த வேர் சித்தப்பிரமையையும் ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திகி என்ற ரசாயன நிபுணர் வேரிலிருந்து பல சத்துக்களைத் தனித்தனியே பிரித்தார். அவற்றில் ஒன்றுக்கு, தன்னை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளில் இந்த வேர் மாத்திரையாகவும் கடைக்கு வந்துவிட்டது.

உலகம் திரும்பிப் பார்த்ததா? இல்லை. கல்கத்தா டாக்டர்கள் எழுதியது இந்தியப் பத்திரிகையில். அது வெள்ளைக்கார டாக்டர்களின் மேஜைக்குப் போய்ச் சேரவில்லை. சரக்கு நல்ல சரக்குதான். போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

டாக்டர் வக்கீல் பல ஆண்டுகள் இந்த வேரை ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி அதோடு விட்டுவிடவில்லை. 50 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, மருந்துக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளந்தார். கணக்கை ஒழுங்காக எழுதி, 1949-ம் ஆண்டு பிரிட்டனின் இருதய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். வேரைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. எண்ணி, அளந்து, எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதியவர் அவர்.

கவலை போன அதிசயம்

அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர் ராபர்ட் வில்கின்ஸ் அதைப் படித்தார். இந்தியாவிலிருந்து மருந்தை வரவழைத்து, தன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். ரத்த அழுத்தம் இறங்கியது. அதைவிட வேறொன்று அவர் கவனத்தை ஈர்த்தது. வீட்டுக் கவலை, ஆபீஸ் கவலை என்று படபடத்தவர்கள் தூங்கி வழியாமலே சாந்தமாகிவிட்டார்கள்.

1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி விஞ்ஞானிகள் வேரிலிருந்து ரிசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டு, அகமதாபாத் டாக்டர் ஹக்கீம் என்பவர் இந்த வேரால் மனநோயாளிகளைக் குணப்படுத்தியதாகப் படித்த கட்டுரை நியூயார்க் பத்திரிகை வரை செய்தியாயிற்று. 1954-ல் நியூயார்க் அருகே ராக்லண்ட் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாதன் கிளைன் இதைச் சோதித்தார். ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் அடங்கினார்கள். பிரான்சில் கண்டுபிடித்த குளோர்ப்ரோமசின் மருந்தும் அதே சமயத்தில் வந்தது. மனநோய் ஆஸ்பத்திரிகளின் பூட்டு தளரத் தொடங்கியது.

இந்த வேர் எப்படிச் சாந்தம் தருகிறது? மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பச் சில ரசாயனங்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றை நுண்ணிய பைகளில் சேர்த்து வைத்திருக்கும். ரிசர்ப்பின் அந்தப் பையில் சரக்கைச் சேரவிடாது. குடோன் கதவை அடைத்துவிட்டால், வெளியே இறக்கிய பார்சல் கிடந்து அழிவதுபோலத்தான். அனுப்ப ஒன்றுமில்லாமல் நரம்பு ஓய்ந்துவிடுகிறது.

1957-ல் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் ரிசர்ப்பின் கொடுத்த முயல்கள் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டார். எல்-டோபா என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து கிடைக்க இதுவே வழி காட்டியது. கார்ல்சனுக்கு 2000-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

சாந்தத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்ட சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள். சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்ததாக டாக்டர்கள் எழுதினார்கள். பச்சிலை, வேர் என்றால் தீங்கில்லை என்று நம்மவர்கள் நினைப்பது உண்டு. இந்த வேரிடம் அந்த நினைப்பு செல்லாது. வேறு மருந்துகள் வரவர, டாக்டர்கள் ரிசர்ப்பினை எழுதுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

1957-ல் டாக்டர் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. மருத்துவ உலகில் நோபலுக்கு அடுத்தபடியாக மதிக்கப்படும் பரிசு அது. நாதன் கிளைனும் அதே ஆண்டு அதைப் பெற்றார். கல்கத்தா டாக்டர்கள் இருவருக்கும் அப்படி ஒரு பரிசு வரவில்லை. 1958-ல் இந்திய அரசு வக்கீலுக்கு பத்மபூஷண் வழங்கியது.

1969-ல் இந்திய டாக்டர்கள் சங்கம் வெளியிட்ட பெரிய மருத்துவப் பாடநூலின் முதல் பதிப்புக்கு அவரே ஆசிரியர். இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்நூலின் புதிய பதிப்புகளைப் படிக்கிறார்கள். டாக்டர் வக்கீல் 1974-ம் ஆண்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 63.