காற்றில் பாட்டை மிதக்க விட்டவர்
சென்னைக்கு ரேடியோ தந்த கிருஷ்ணசாமி செட்டியார்

1924-ம் ஆண்டு, ஜூலை 31-ந் தேதி.

சென்னையில் சிலர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று அவர்கள் முகம் மலர்ந்தது. பாடுகிறவரைக் காணோம். கம்பித் தொடர்பும் இல்லை. ஆனால் குரல் மட்டும் கேட்டது!

அந்த அதிசயத்தை நடத்திக் காட்டியவர், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார்.

அப்போது இந்தியாவில் அரசாங்க ரேடியோ நிலையம் எதுவும் கிடையாது. ரேடியோவில் மோகம் கொண்ட சிலர், பொழுதுபோக்காக அதில் இறங்கியிருந்தார்கள். 1921-ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவர் லைசென்சு பெற்றார். நம் நாட்டின் முதல் "அமெச்சூர்" ரேடியோக்காரர் அவர்தான்.

சென்னையில் அந்த மோகம் செட்டியாரைப் பிடித்தது. நண்பர்களைச் சேர்த்தார். 1924 மே 16-ந் தேதி "சென்னை மாகாண ரேடியோ கிளப்" பிறந்தது. இரண்டரை மாதத்தில் ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது.

அவர்கள் வைத்திருந்த கருவியின் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 40 வாட். வீட்டில் எரியும் ஒரு சின்ன பல்புக்கு வேண்டிய சக்திதான்! பிறகு 200 வாட் கருவி வந்தது.

மின்சாரம் வேண்டாம்

கேட்பதற்கு என்ன செய்தார்கள்?

அந்தக் காலத்தில் "கிரிஸ்டல் செட்" என்று ஒன்று உண்டு. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். உயரத்தில் நீளமாக ஒரு கம்பி கட்டவேண்டும். ஒரு கம்பிச் சுருள், சிறிய கனிமக் கல் ஒன்று, காதுக் குழாய். இவ்வளவுதான் செட். கல்லின் மேல் ஊசி முனை போன்ற மெல்லிய கம்பியை வைத்து, அங்கும் இங்கும் நகர்த்தவேண்டும். சரியான இடத்தில் பட்டால் பாட்டு வரும். கை ஆடினால் போச்சு!

காற்றில் வரும் அலையின் சக்தியே அந்தக் குழாயைப் பேச வைத்தது. ஒருவர்தான் கேட்க முடியும். வீட்டில் மற்றவர்கள் முறைபோட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். குழாயை ஒரு கிண்ணத்துக்குள் வைத்தால், சத்தம் கொஞ்சம் கூடும்.

பணம் இல்லை

பாட்டும் பேச்சும் 3 ஆண்டுகள் நடந்தன. ஆனால் கிளப்பிடம் பணம் இல்லை. ரேடியோ கேட்பவர்களோ மிகச் சிலர். அவர்களை நம்பி எத்தனை நாள் ஓட்டமுடியும்? 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது.

இதில் செட்டியாரைக் குறை சொல்வதற்கு இல்லை. அதே ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒரு பெரிய கம்பெனி நிலையம் திறந்தது. அதுவே 1930-ல் மூடப்பட்டது!

கிளப்காரர்கள் கருவியைக் காயலான் கடைக்குப் போடவில்லை. சென்னை நகரசபையிடம் கொடுத்துவிட்டார்கள்.

1930 ஏப்ரல் 1-ந் தேதி நகரசபை தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். காதுக் குழாய் வாங்கமுடியாத ஏழையும் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டான். நகரசபைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் ஒலிபரப்பினார்கள்.

1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது. நகரசபை ஒலிபரப்பு அதோடு ஓய்ந்தது.

நீங்களும் பேசலாம்

செட்டியாரைப் போல் ரேடியோ மோகம் கொண்டவர்கள் இன்றும் உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பிள்ளைச்சாவடிப் பையனோ பெண்ணோகூட இதில் இறங்கலாம். 12 வயது ஆகியிருக்கவேண்டும். மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுதவேண்டும். ரேடியோ எப்படி வேலை செய்கிறது, விதிகள் என்ன என்று கேட்பார்கள். தேறினால் லைசென்சும், "வி. யு." என்று தொடங்கும் அழைப்புக் குறியும் கிடைக்கும். காற்றில் உங்கள் பெயர் அதுதான்.

ஆனால் செட்டியார் செய்ததுபோல் பாட்டு ஒலிபரப்பக்கூடாது. வியாபாரம் பேசக்கூடாது. லைசென்சு உள்ள இன்னொருவரோடுதான் பேசலாம்.

பேசி என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி இந்தக் கரையையும் அந்தமானையும் தாக்கியது. அந்தமானில் டெலிபோன் அறுந்தது. அப்போது போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர்கள், தங்கள் செட்டில் உட்கார்ந்தார்கள். தீவில் இருந்தவர்களைப் பற்றிய செய்தி, அவர்கள் மூலமாகத்தான் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.