தொட்டியைக் கவிழ்த்த மருத்துவர்: சர் ரொனால்டு ராஸ்

குற்றாலச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் தென்காசி, சுந்தரபாண்டியபுரம் வட்டாரத்து வயல்களை வாழவைக்கின்றன. அதே மழை அளவு மீறினால் என்னவாகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் தென்மாவட்டங்கள் கண்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்தபின் கொசுவும் காய்ச்சலும் வருமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை ஐயமற நிறுவிய பெருமை சர் ரொனால்டு ராஸ் அவர்களையே சாரும்.

ராஸ் 1857 மே 13ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை இந்தியப் படையில் உயர் அலுவலர். ராசின் உள்ளமோ கவிதையிலும் ஓவியத்திலும் இசையிலும் தோய்ந்திருந்தது. தந்தையின் விருப்பத்திற்கிணங்கவே இலண்டனில் மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

1883இல் பெங்களூரில் அவர் தங்கிய வீட்டில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு, தொட்டியைக் கவிழ்த்தார். கொசுக்கள் குறைந்தன. இதையே மற்ற இடங்களிலும் செய்யலாம் என்று படை அலுவலரிடம் கூறினார், அவர் ஏற்கவில்லை. எளிய உண்மைக்கு மதிப்புக் கிடைக்க எத்தனை காலம் ஆகிறது!

காய்ச்சல் நோயாளியின் குருதியில் மலேரியாக் கிருமி இருப்பதை லாவரான் 1880இல் கண்டிருந்தார். அது கொசுவினுள் வளரலாம் என்ற பாட்ரிக் மான்சனின் கருத்து 1894இல் ராசை ஆட்கொண்டது. மறு ஆண்டு செகந்திராபாத் வந்தவர் ஆயிரக்கணக்கான கொசுக்களை அறுத்துப் பார்த்தார், பயனில்லை. 1897இல் நீலகிரியின் சீகூர் மலைப்பாதையில் ஆய்வுக்குச் சென்றபோது அவரையே மலேரியா பற்றியது. எனினும் அவர் தளரவில்லை. உசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கொடுத்து ஆய்ந்தார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், சிறகில் புள்ளியுடைய கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அக்கொசு அனாபிலிஸ் இனத்தது.

விரைவிலேயே அவரை இராசபுதனத்திற்கு மாற்றிவிட்டார்கள்! பின்னர் கல்கத்தாவில், உதவியாளர் முகமது பக்சின் துணையுடன், பறவைகளுக்குக் கொசுக்கடியாலேயே மலேரியா பரவுவதை 1898இல் மெய்ப்பித்தார். 1902இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. அதே ஆண்டு சூயசு கால்வாய்க் கரையிலுள்ள இசுமாயிலியா நகரில், தேங்கு நீரை அகற்றி மலேரியாவை ஒடுக்கும் வழியைக் காட்டினார். 1932 செப்டம்பர் 16ஆம் நாள் மறைந்தார்.

வெள்ளத்தைப் பற்றி அவர் வாழ்வு நமக்குச் சொல்வது என்ன? பாய்ந்தோடும் வெள்ளம் கொசுப் புழுக்களை அடித்துச் சென்றுவிடும். அது வடிந்தபின் பள்ளங்களில் நிற்கும் நீரே கொசுவின் தொட்டில். மழை பொய்த்தாலும் இதுவே நேரும். 1934, 35ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஆறுகள் வறண்டு குட்டைகளானபோது மலேரியாவுக்குச் சுமார் 80,000 பேர் பலியாயினர். ஆகவே பழி மழையுடையதன்று, தேக்கத்தினுடையது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. வீட்டுத் தண்ணீரை விரும்புவது. வெள்ளத்தால் குழாய் நீர் தடைப்பட்டு, குடங்களிலும் தொட்டிகளிலும் மூடாமல் சேமிக்கும்போது அதற்கு நாமே இடம் தருகிறோம். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த பானை எதுவும் அதற்குப் போதும். அதன் முட்டை பல மாதங்கள் காய்ந்து கிடந்தும், நீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். எனவே வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சங்கிலி அறுபடும்.

நுண்ணோக்கி ராசுக்கு நோபல் பரிசைத் தந்தது. ஆனால் பெங்களூரில் தொட்டியைக் கவிழ்த்தபோது அவரிடம் இருந்தவை கூர்ந்த கண்ணும் இரு கைகளுமே. அவை நம் அனைவரிடமும் உண்டு. மாணவ நண்பர்களே, மழை ஓய்ந்த மறுநாள் நம் தெருவைச் சுற்றி வருவோம். தேங்கிய நீரை அகற்றுவோம். அந்த அறிஞருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே.