இப்னு பதூதா கடந்த அரபுப் பாலை

உலகப் பயணிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் இப்னு பதூதாவின் பெயரை விடுத்து எழுதல் இயலாது. மேற்கே மொராக்கோவிலிருந்து கிழக்கே சீனம் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் ஒட்டகமேறியும் குதிரையேறியும் கலமேறியும் அவர் கடந்த தொலைவு 1,17,000 கிலோமீட்டர் அளவினது என மதிப்பிடுவர். அப்பெரும் பயணம் முழுவதையும் ஈண்டு விரித்துரைக்க இடமில்லை. அரபு மண்ணின் பாலையில் அவர் முதன்முதலாக அடியெடுத்து வைத்த 1326ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்பாலை அவருக்குக் கற்பித்தது யாது என்பதைக் காண்பதே நம் நோக்கமாகும்.

பாலை என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழை பெய்யின் அந்நிலம் மீண்டும் முல்லையாகும், குறிஞ்சியாகும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் அரபு நாட்டை ஆறும் வயலும் பொலியும் தமிழ் நிலமாகவே பாடி வைத்தார். இவற்றைப் பயின்று வளர்ந்த நமக்கு, ஓராண்டிலன்று, ஓராயிரம் ஆண்டிலும் வயலாக மாறாத ஒரு நிலப்பரப்பை மனத்தில் வரைந்துகொள்வது அரிது. இப்னு பதூதா கண்டது அத்தகைய நிலம்.

தனித்துப் புறப்பட்ட இளைஞர்

அபூ அப்தில்லாஹ் முஹம்மது என்னும் இயற்பெயருடைய இப்னு பதூதா, ஹிஜ்ரி 703 ரஜப் மாதம், அதாவது கி.பி. 1304 பிப்ரவரியில், மொராக்கோவின் கடற்கரை நகராகிய தன்ஜாவில் பிறந்தார். அவர்தம் குடும்பம் மார்க்கச் சட்டம் பயின்று நீதிபதிகளாக விளங்கிய குடும்பம். அவரும் மாலிக்கி மத்ஹபின் சட்டநூல்களைக் கற்றார். 1325 ஜூன் 14ஆம் நாள், தம் இருபத்தோராம் வயதில், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் எண்ணத்துடன் இல்லம் துறந்து புறப்பட்டார். உடன் செல்ல ஒரு தோழர் இல்லை. சேர்ந்து செல்ல ஒரு கூட்டமும் இல்லை. தாயும் தந்தையும் அப்போது உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிந்த துயரம் இரு பக்கமும் பெரிதாக இருந்தது.

வழியில் கூட்டமொன்றுடன் இணைந்து தூனிஸ் நகரை அடைந்தபோது நிகழ்ந்த ஒன்றை அவர் முதுமையிலும் மறந்தாரில்லை. நகரத்தார் வெளியே வந்து, வந்தவர் ஒவ்வொருவரையும் முகமன் கூறி வரவேற்றனர். இவரை அறிந்தவர் அங்கு எவருமிலர். தனிமை தாங்காது அவர் கண்ணீர் சிந்தினார். அதனைக் கண்ட பயணி ஒருவர் நெருங்கி வந்து, ஆறுதலாகப் பேசி, நகருக்குள் செல்லும்வரை உடன் நடந்தார். பின்னாளில் மன்னர்களோடு அமர்ந்து உண்ட ஒருவர் இச்சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்திருந்தமை நாம் கருதத்தக்கது.

எகிப்தை அடைந்தபின், செங்கடல் துறையாகிய ஐதாப் வழியே மக்கா செல்ல முயன்றார். அங்கே மூண்டிருந்த போரால் கலங்கள் இல்லாது போகவே, வந்த வழியே கெய்ரோ திரும்பி, சிரியாவின் தலைநகராகிய தமஸ்கஸுக்குச் சென்றார்.

தமஸ்கஸில் கிடைத்த துணை

ஹிஜ்ரி 726 ரமலான் மாதத்தில் அவர் தமஸ்கஸை அடைந்தார். அந்நகரின் வக்ஃபு அறக்கட்டளைகள் அவரை வியப்பில் ஆழ்த்தின. ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதார் சார்பில் செல்வோர்க்குச் செலவளிக்க ஓர் அறம். ஏழைப் பெண்களின் மணத்திற்கு ஓர் அறம். வழிப்போக்கருக்கு உணவும் உடையும் அளிக்க ஓர் அறம். தெருக்களைச் செப்பனிட ஓர் அறம். ஒரு நாள் தெருவில் ஓர் அடிமைச் சிறுவன் சீனத் தட்டொன்றைக் கைதவறி உடைத்துவிட்டு அஞ்சி நின்றான். உடைந்த கலங்களுக்கென்றே ஒரு வக்ஃபு இருந்தது. அங்கிருந்தோர் அவனை அங்கே அழைத்துச் செல்ல, சில்லுகளைக் காட்டிப் புதிய தட்டுக்குரிய பொருளை அவன் பெற்றான். அச்சிறுவன் அடிபடாமல் காத்தவர் எவர் என்பது அவனுக்குத் தெரியாது. அறம் வைத்தவருக்கும் அவனைத் தெரியாது.

அந்நகரில் இப்னு பதூதாவைக் காய்ச்சல் பற்றியது. கையிலிருந்த பொருளும் தீர்ந்தது. மாலிக்கி மத்ஹபின் ஆசிரியராகிய நூருத்தீன் சகாவி என்பார் அவரைத் தம் இல்லத்தில் வைத்து, மருத்துவரை அழைத்துப் பேணினார். பெருநாள் வந்ததும் ஒட்டகங்களை வாடகைக்கு அமர்த்தி, வழியுணவும் பணமும் கொடுத்து அனுப்பிவைத்தார். ஓர் ஆசிரியரின் இக்கொடை இல்லையேல் அவ்வாண்டு அவர் பாலைக்குள் நுழைந்திருத்தல் அரிது.

தபூக் முதல் மதீனா வரை

1326 செப்டம்பர் முதல் நாளில் சிரியாவின் ஹஜ் சாத்து புறப்பட்டது. வணிகர் கூட்டத்தைச் சாத்து என நம் முன்னோர் வழங்கிய சொல் இதற்கும் பொருந்தும். தமஸ்கஸுக்கும் மதீனாவுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். பின்னாளில், 1908இல், ஹிஜாஸ் இருப்புப்பாதை இவ்வழியை ஒட்டியே இடப்பட்டது. புஸ்ராவில் சாத்து நான்கு நாள் தங்கியது, தமஸ்கஸில் பின்தங்கியோர் வந்து சேர்தற்பொருட்டு. கரக் கோட்டையருகே மேலும் நான்கு நாள் தங்கிப் பாலைக்கு ஆயத்தம் செய்தனர். சிரியாவின் கடைசி ஊர் மஆன். அதனைக் கடந்து சரிவில் இறங்கினால் பாலை தொடங்கும். உள்ளே செல்பவரை இழந்தவராகவும் மீண்டு வருபவரை மறுபிறவி எடுத்தவராகவும் எண்ணுவது அவ்வழிச் செல்வோர் வழக்கம்.

தபூக்கில் ஓர் ஊற்று இருந்தது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படையுடன் வந்து தங்கிய இடம் அது. சாத்து அங்கே நான்கு நாள் தங்கியது. நீர் சுமப்போர் எருமைத்தோலால் பெருந்தொட்டிகள் அமைத்து ஊற்றுநீரை நிரப்பினர். ஒட்டகங்கள் அவற்றில் நீரருந்தின. பயணத்திற்குரிய தோற்பைகளும் அவற்றிலிருந்தே நிரப்பப்பட்டன. தலைவர்களுக்கும் செல்வர்களுக்கும் தனித்தொட்டிகள் இருந்தன. ஏனையோர் நீர் சுமப்போர்க்குக் குறித்த தொகை கொடுத்துத் தம் பங்கைப் பெற்றனர். அதன்பின் இரவு பகல் பாராது சாத்து விரைந்தது. வழியில் நிற்றல் என்பது நீரை இழத்தல் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

அவ்வழியில் உகைதிர் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. முன்னர் ஓராண்டில் அங்கு வந்த ஹாஜிகளைச் சமூம் என்னும் அனற்காற்று தாக்கியது. தோற்பைகளிலிருந்த நீர் வற்றியது. ஒரு மிடறு நீர் ஆயிரம் தீனார் பொன்னுக்கு விலை போயிற்று. வாங்கியவரும் மாண்டார், விற்றவரும் மாண்டார். இச்செய்தியை அங்குள்ள பாறையொன்றில் பொறித்திருந்தனர் என்று இப்னு பதூதா பதிவு செய்கிறார். ஆயிரம் தீனார் கையில் உடையவரைக் காவாத பாலையை, ஆசிரியர் ஒருவரின் கொடையால் வந்த இளைஞர் கடந்துகொண்டிருந்தார். அவ்விடத்தில் அவர் நெஞ்சம் என்ன எண்ணியதோ, அவர் எழுதினாரில்லை.

ஐந்தாம் நாளளவில் ஸமூது கூட்டத்தாரின் ஊரெனக் கூறப்படும் ஹிஜ்ரை அடைந்தனர். செம்பாறையைக் குடைந்து செய்த வாயில்களும் வேலைப்பாடுகளும் அன்று செதுக்கியவை போல் விளங்கின. இன்று அங்குள்ள முகப்புகள் நபத்தேயர் என்னும் மக்களின் கல்லறைகள் எனத் தொல்லியலார் கூறுவர். அவ்விடம் 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நிறைய நீர் உண்டு. ஆயினும், தாகத்தால் நா வறண்டிருந்தும், சாத்தில் ஒருவரும் அதனைத் தொடவில்லை. தபூக் செல்லும் வழியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வூர்க் கிணற்று நீரைப் பருகவேண்டாமெனத் தடுத்தமையே காரணம். எழுநூறு ஆண்டுகள் கடந்தும், காவலர் எவருமில்லாத வெளியில் அக்கட்டளை நின்றது.

அடுத்து, அரைநாள் தொலைவிலுள்ள அல்உலா என்னும் சிற்றூர். பேரீச்சந்தோப்பும் ஊற்றும் உடைய அவ்வூரில் ஹாஜிகள் நான்கு நாள் தங்கி ஆடை துவைத்தனர்; மிகுதியான உணவுப் பொருள்களை ஊராரிடம் அடைக்கலமாக வைத்து, வேண்டிய அளவே எடுத்துச் சென்றனர். திரும்பி வருகையில் வைத்த பொருள் வைத்தபடி கிடைக்கும். அமானிதம் பேணுவதில் பெயர் பெற்றவர் அவ்வூரார். அதன்பின் மீண்டும் அனல் வீசும் வழி, பின்னர் மதீனா. பள்ளியுள் நுழைந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஸலாம் உரைத்தபோது, தன்ஜாவில் தொடங்கிய நோக்கத்தின் பாதி நிறைவுற்றது. அங்கிருந்து மக்கா சென்று ஹஜ்ஜை முடித்தார்.

ஸுபைதாவின் பாதை

பலர் அத்துடன் இல்லம் திரும்புவர். அவரோ 1326 நவம்பர் 17இல் ஈராக்கின் சாத்துடன் வடகிழக்கே புறப்பட்டார். சாத்தின் தலைவர் முஹம்மது அல்ஹவீஹ், தம் செலவில் ஒட்டகச் சிவிகையில் பாதி இடத்தை இவருக்கு அமர்த்திக் கொடுத்தார். மதீனா வழியே நஜ்து மேட்டு நிலத்தைக் கடந்த அவ்வழி, ஸரூத் என்னும் தங்குமிடத்தருகே பெயர்ந்தோடும் மணலினூடே சென்றது. சாத்தின் கூட்டம் கடலலை போல் பெரிதாயிருந்தது. தன் கூட்டத்தைவிட்டு ஒதுங்கியவர் அடையாளமின்றி அதனை மீண்டும் கண்டுகொள்ளல் அரிது. இரவில் தீவட்டிகளை ஏற்றிச் சென்றமையால் பாலை ஒளி பெற்று விளங்கியது. ஏழைகளுக்கென நீர் சுமந்த ஒட்டகங்கள் தனியே வந்தன; நடக்கவியலாதாரை ஏற்றிச் செல்லவும் ஒட்டகங்கள் இருந்தன; பெரும் பித்தளைக் கொப்பரைகளில் சமைத்து, உணவில்லாதார்க்கு வழங்கினர். இவை ஈராக்கை ஆண்ட சுல்தான் அபூ சயீதின் அறக்கொடை.

அவ்வழியின் கிணறுகளும் குளங்களும் யாருடையவை? கலீபா ஹாரூன் அல்ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் அமைத்தவை என்று இப்னு பதூதா நன்றியுடன் குறிப்பிடுகிறார். கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பாதை அவ்வம்மையார் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அவர் மறைந்தது 831ஆம் ஆண்டில். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், தன்ஜாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் அந்நீரைப் பருகினார். அவர் இல்லையேல் இவ்வழியில் யாரும் செல்லமாட்டார் எனுமளவிற்கு அவர் அவ்வம்மையாரைப் போற்றினார்.

பிற்கால வாழ்வு

அதன்பின் அவர் வாழ்வு நாடறிந்தது. தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஜியாகவும், மாலத்தீவில் காஜியாகவும் பணிபுரிந்தார். இலங்கையிலிருந்து வரும் வழியில் கலம் சிதைய, மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரையில் ஒதுங்கினார். மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு உறவினர்; ஆயினும் அச்சுல்தான் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை மறைக்காது எழுதிக் கண்டித்தார். 1349இல் தாயகம் திரும்பியபோது தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. தாயார் சில திங்களுக்கு முன்னரே கொள்ளைநோயால் மறைந்திருந்தார். 1355இல் மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதியதே ரிஹ்லா என்னும் பயண நூல். அதன் சில பகுதிகள் முன்னோராகிய இப்னு ஜுபைரின் நூலைத் தழுவியவை என ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1368 அல்லது 1369இல் இப்னு பதூதா இறையடி சேர்ந்தார்.

பெரும் பயணியின் வீரத்தை நாம் போற்றுவது முறையே. ஆயினும் பாலையை அவர் தம் வீரத்தால் மட்டும் கடக்கவில்லை. தூனிஸில் உடன் நடந்தவர், தமஸ்கஸில் பேணிய ஆசிரியர், தபூக்கில் நீர் சுமந்தோர், அடைக்கலம் காத்த அல்உலா மக்கள், கிணறு தோண்டி வைத்த ஓர் அம்மையார் ஆகியோர் அவரைக் கடத்தினர். ஆயிரம் தீனார் காவாத இடத்தில், முன்கூட்டியே தோண்டிய கிணறு காத்தது.

இக்கல்லூரியும் அத்தகையதொரு கிணறே. தாம் முகமறியாப் பிள்ளைகள் பருகுவதற்காகச் சமுதாயப் பெரியோர் பலர் தம் பொருளை வழங்கி இதனைத் தோண்டினர். இங்குப் பயிலும் மாணவர்கள் தம் காலத்தில், தாம் காணப்போகாத ஒரு தலைமுறைக்கென ஒரு கிணறேனும் தோண்டிச் செல்வார்களாயின் அதுவே நன்றிக்கடன். அதற்குரிய உள்ளத்தையும் ஆற்றலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!