பொலிஸ் மந்திரி கக்கன்

மதுரை மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிலே 1908ஆம் ஆண்டு கக்கன் பிறந்தார். தந்தையார் ஊர்த் தெய்வத்துக்குப் பூசை செய்தவர். பூசாரியின் மைந்தனாயினும், சாதி காரணமாக மீனாட்சியம்மை சந்நிதி அவருக்கு அடைத்தே கிடந்தது. 1939 யூலை 8ஆந் தேதி வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற சிறு குழுவில் ஒருவராய் உட்புகுந்து தரிசித்தார். நம் சங்கத்து இளைஞர் இதனை ஊன்றி நினைத்தல் வேண்டும்.

1942 போராட்டத்திலே சிறை சென்றார். பின்பு பாராளுமன்ற உறுப்பினராகி, 1957இல் காமராசர் மந்திரிசபையிற் சேர்ந்தார். 1963இல் பக்தவத்சலம் முதன்மந்திரியானபோது உள்துறை இவர் கைக்கு வந்தது. முன்னர்ச் சிறைப்பட்டவருக்குச் சென்னை இராச்சியத்துப் பொலிஸ் முழுவதும் பணிந்து நின்றது!

அப்பதவியே சோதனையுமாயிற்று. 1965 சனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் கிளர்ந்தெழுந்தனர். நம் விபுலானந்த அடிகள் ஒருகாலத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவன் இராசேந்திரன், சிதம்பரத்திலே பொலிசாரின் குண்டுக்கு இரையானான். என்னைப் போன்ற ஒரு மாணவன். கக்கன் கை நீட்டிப் பொருள் வாங்காத உத்தமர்; அதற்காக இதனை மறந்துவிடலாமா? துறைக்குப் பொறுப்பாளர் அவரே. அப்பழியிலே அவருக்கும் பங்குண்டு என்பதே என் எண்ணம்.

1967 தேர்தலில் தோற்றார். பத்தாண்டு மந்திரியாயிருந்தும் சேர்த்து வைத்தது ஒன்றுமில்லை. பஸ்ஸிலே பிரயாணஞ் செய்தார். பிற்காலத்தில் மதுரை அரசினர் ஆஸ்பத்திரியின் சாதாரண வார்ட்டிலே நோயாளியாய்க் கிடந்தவரை, வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கண்டு, அரசுச் செலவில் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பரில் கக்கன் காலமானார்.