ஓய்வெடுக்க வந்த கலெக்டர் ஏரியைத் தந்தார்!

கோடைக்கானல் ஏரியில் படகுச் சவாரி செய்ய யாருக்குத்தான் ஆசை இல்லை? அந்த ஏரி தானாக உண்டானது அல்ல. அதை அமைத்தவர் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரை.

அந்தக் காலத்தில் பழனி மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. குதிரையிலோ, டோலியிலோ ஏற வேண்டும். மேலே சில பங்களாக்களே இருந்தன. கோடை வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் அங்கே தங்கி இளைப்பாறினார்கள். வெயில் தணிந்ததும் இறங்கிவிட்டார்கள்.

லெவிஞ்ச் அத்துடன் நிற்கவில்லை. 1863-ல் ஓடை நீரை மறித்துக் கரை கட்டச் செய்தார். செலவு அவருடைய சொந்தப் பணம்! ஏரியில் மீன்களை விட்டார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டு வந்தார்.

1867-ல் ஓய்வு பெற்றதும் கோடைக்கானலிலேயே குடியேறினார். 1885-ல் காலமானார்.

தங்கிப் போனவர்கள் பலர். தந்துவிட்டுப் போனவர் லெவிஞ்ச்!