கிறிஸ்துமஸ் லீவுக்கு இயேசு படம்: 120 வருஷத்துக்கு முன்பே தொடங்கி வைத்தவர் யார்?

கிறிஸ்துமஸ் லீவு வந்தாச்சு. முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி பக்கம் சொந்த ஊருக்கு வந்திருப்பவர்கள் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வார்கள்? போனில் ஒரு படம்தான். சிலருக்கு 'ஹோம் அலோன்', சிலருக்கு 'அன்னை வேளாங்கண்ணி', சிலருக்கு இயேசுவின் வாழ்க்கைக் கதை.

இது ஓடிடி கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்தால், இல்லை. தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போன டென்ட் சினிமாவே இயேசு படத்தோடுதான் கிளம்பியது. அதைக் கொண்டுபோனவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

யார் இவர்?

1883-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சினிமாக் குடும்பம் இல்லை. அப்போது சினிமாவே கிடையாது. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை. மாசச் சம்பளம் 25 ரூபாய்.

வேலையை ஏன் விட்டார்?

1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்பு முடியவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்ப நினைத்தவர், புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் விற்க முடிவு செய்தார். விலை சுமார் 2,000 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வின்சென்டின் ஆறரை வருஷச் சம்பளத்துக்கும் மேல். 22 வயசு, நிரந்தர ரயில்வே வேலை. இதில் காசு வருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஆள் கிடையாது. ஆனாலும் பணத்தைப் புரட்டி வாங்கினார். வேலையை விட்டார். அந்தச் சுருள்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கை பற்றிய மௌனப் படம்.

ஏன் அந்தப் படம் எடுபட்டது?

படத்தில் பேச்சு இல்லை. அதனால் மொழி தடையில்லை. சின்னச் சின்னக் காட்சிகளாக ஓடியது, கதையும் பலருக்குத் தெரிந்தது. திரையில் தெய்வக் கதை அசைவதைப் பார்ப்பது எல்லா மதத்தவருக்கும் அதிசயம்தான். சில வருஷம் கழித்து பம்பாயில் இதே மாதிரி ஒரு இயேசு படத்தைப் பார்த்துவிட்டுத்தான், நம் கதைகளையும் இப்படி எடுக்கலாமே என்று தாதாசாகேப் பால்கே யோசித்தார். 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது.

டென்ட் சினிமா எப்படி ஓடியது?

* திறந்த வெளியில் கூடாரம், நடுவில் வெள்ளைத் துணி.
* புரொஜெக்டரைக் கையால் சுற்ற வேண்டும்.
* பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் இல்லாததால் விளக்கு ஏற்பாடும் கூடவே போகும்.
* குறைந்த டிக்கெட்டுக்குத் தரை, கூடுதல் காசுக்கு நாற்காலி.

இதெல்லாம் சாத்தியமானதற்கு ரயிலும் ஒரு காரணம். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும்கூட 1894-லேயே பாதை போட்டாச்சு. மூட்டை கட்டி ஏற்றினால் அடுத்த ஊர். வின்சென்ட் இப்படியே வடக்கே பெஷாவர் வரை போனார். பர்மா, மலேயா பக்கமும் காட்டினார்.

பின்னாளில் டெல்டா கிராமங்களில் டேரா போட்ட டூரிங் டாக்கீஸ்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டின் வாரிசுகள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் டென்ட் நிற்காது. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும்போதுதான் அங்கே படத்துக்கு சீசன்.

அப்புறம் என்ன செய்தார்?

ஊர் சுற்றியது போதும் என்று கோவைக்குத் திரும்பி, 1914-ல் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். தென்னிந்தியாவின் ஆரம்பகாலத் தியேட்டர்களில் அதுவும் ஒன்று. மின்சாரத்தில் ஓடும் அச்சகத்தையும் நடத்தினார்.

பேசும் படம் வந்ததும் தயாரிப்பிலும் இறங்கினார். கல்கத்தாவின் பயனீர் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'வள்ளி திருமணம்' 1933-ல் வெளியானது. நாயகி டி.பி.ராஜலட்சுமி, நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துத் திருவையாற்றுக்காரர். கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானதிலும் வின்சென்டுக்குப் பங்கு உண்டு. எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அங்கேதான் படமானது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1942-ல் காலமானார்.

இன்று என்ன மிச்சம்?

வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. கோவையில் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற பலருக்கும் காரணம் தெரியாது. நடிகர்களையும் இயக்குநர்களையும் ஞாபகம் வைத்திருக்கும் நாம், படத்தை நம் ஊர் வரை தூக்கி வந்தவரை விட்டுவிட்டோம்.

இந்த லீவில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் போடும்போது, தாத்தா பாட்டியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர்கள் ஊரில் டென்ட் கொட்டகை எந்தத் திடலில் இருந்தது, முதலில் பார்த்த படம் எது? பதில் சொல்லக்கூடியவர்கள் இப்போது நம்மோடு இருக்கிறார்கள்.